முழங்கால் அறுவைக்குப் பின்: நிலைப்பும் சமநிலையும்

நம் குடும்பங்களில் யாருக்காவது முழங்காலில் ‘லிகமெண்ட்’ அறுந்து ஆபரேஷன் ஆகிவிட்டது என்றால், பழக் கூடையோடு விசாரிக்க வருகிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். எந்த ஆஸ்பத்திரி? எவ்வளவு ஆச்சு? எப்போ நடக்கலாம்? மூன்றாவதற்குப் பதில் கிடைத்ததும் வியந்து போகிறார்கள். ஏனென்றால் இன்றைய சிகிச்சையில் பலரை மறுநாளே ஊன்றுகோலோடு நடக்க வைத்துவிடுகிறார்கள். ‘அப்புறம் என்ன, சரியாப் போச்சு’ என்று சொல்லி எழுந்து போய்விடுவார்கள். அறுவை நடந்த அந்தக் காலை மட்டும் ஊன்றி எத்தனை விநாடி நிற்க முடிகிறது என்று கேட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கேட்கப்படாத அந்தக் கேள்வியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

நான் மருத்துவன் அல்லன். நாக்பூர் இதவாரியில் நாற்பது வருடமாகத் தராசு விற்கிறவன். 2022 டிசம்பரில் என் தம்பி மகனுக்குக் கல்லூரிக் கபடிப் போட்டியில் இடது முழங்கால் போயிற்று. தம்பி வேலை நிமித்தம் ஊர் ஊராகச் சுற்றுகிறவன். ஆகவே பையனைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போகும் பொறுப்பு பெரியப்பாவான என் தலையில் விழுந்தது. ஏறத்தாழ ஒரு வருடம், முதலில் வாரம் மூன்று நாளும் பிறகு ஒரு நாளுமாக, ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததில் புரியாததைத் தேடிப் படித்தேன். அப்படிச் சேர்ந்ததை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். அவரவர் மருத்துவர் சொல்வதே அவரவர்க்கு முடிவு. அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.

பெயரில் உள்ள குழப்பம்

பத்திரிகைகள் ‘தசைநார்’ என்ற ஒரே சொல்லை இரண்டு பொருள்களுக்குப் பயன்படுத்துகின்றன. எலும்பையும் எலும்பையும் கட்டி வைப்பது லிகமெண்ட். தசையை எலும்போடு கட்டுவது டெண்டன். இந்தக் கட்டுரையில் முன்னதைப் பிணைநார் என்றும் பின்னதைத் தசைநாண் என்றும் எழுதுகிறேன். இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

முழங்காலில் முக்கியமான பிணைநார்கள் நான்கு. இரண்டு பக்கவாட்டில் இருக்கின்றன. மற்ற இரண்டும் மூட்டின் நடுவே பெருக்கல் குறி போல ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கின்றன. அந்த இரண்டில் முன்னால் உள்ளதுதான் எல்லோரும் ஏ.சி.எல். என்று சொல்லும் முன் குறுக்குப் பிணைநார். நீளம் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். நம் சுண்டுவிரல் அளவு கூட இல்லை. கணைக்கால் எலும்பு தொடை எலும்புக்கு அடியிலிருந்து முன்னோக்கி நழுவாமலும், அளவுக்கு மீறித் திருகிக்கொள்ளாமலும் இதுதான் பிடித்து வைத்திருக்கிறது.

இது அறுவதற்கு யாராவது மோத வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான விளையாட்டுக் காயங்களில் எதிராளி தொடுவதே கிடையாது. குதித்து இறங்கும்போதோ, ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தித் திரும்பும்போதோ, பாதம் தரையில் பதிந்து நிற்க உடம்பு மட்டும் சுழன்றால் அறுந்துவிடும். எங்கள் பையனும் பாடிப் போய்விட்டு நடுக்கோட்டை நோக்கித் திரும்பினவன்தான். “யாரும் தொடவே இல்லை பெரியப்பா, உள்ளே டப்புன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்” என்றான். சில மணி நேரத்தில் முட்டி பூசணிக்காய் போல் வீங்கிவிட்டது. கபடி, கால்பந்து தவிர, ஸ்கூட்டர் சாயும்போது காலை ஊன்றித் தாங்கப் பார்த்தும் நம் நாட்டில் பலர் இதை அறுத்துக்கொள்கிறார்கள். இந்த வீக்கத்தில் எண்ணெய் போட்டு உருவுவதும் சூடு வைப்பதும் கூடாது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டால் கூடிவிடுவது போல இது எளிதில் கூடாது. இந்த நார் மூட்டு நீருக்குள் கிடப்பதால், அறுந்த முனைகளுக்கு இடையே இரத்தம் உறைந்து ஒட்டுவதற்குப் பெரும்பாலும் இடமில்லாமல் போகிறது.

அறுந்தவர் எல்லோருக்கும் கத்தி வேண்டும் என்பதும் இல்லை. சுவீடனில் 121 இளைஞர்களை இரு பிரிவாக்கி ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே அறுவையும் பயிற்சியும். மறு பிரிவுக்குப் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு அறுவை. 2010இல் வெளியான முடிவின்படி, இரண்டாம் பிரிவின் 59 பேரில் 23 பேர்தான் இரண்டு வருடத்துக்குள் அறுவைக்குப் போனார்கள். இரு பிரிவினரின் முழங்கால் நலத்திலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கபடி போலத் திரும்பித் திரும்பி ஆடும் இளைஞருக்குப் பொதுவாக அறுவையைத்தான் சொல்கிறார்கள். எங்கள் பையனுக்கும் அதுவே முடிவாயிற்று. வீக்கம் வடிந்து, முட்டி முழுசாக நீட்ட வந்த பிறகே, 2023 ஜனவரியில் செய்தார்கள்.

அறுவை தருவது எது

இந்த அறுவைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற மருத்துவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் அறுந்த குறுக்குப் பிணைநார்களைத் தைத்தார். 1917இல் ஹே குரோவ்ஸ் என்பவர் தைப்பதை விட்டுவிட்டு, தொடையின் வெளிப்புறத்து நார்ப்பட்டையை எடுத்துப் புதுப் பிணைநாராக வைத்தார். 1918இல் டோக்கியோவில் கெஞ்ஜி டகாகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாய்க் கருவியை ஓர் உயிரற்ற உடலின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று சிறு துளைகளின் வழியே செய்யும் ஆர்த்ராஸ்கோப்பி.

இன்று செய்வது சுருக்கமாக இது. தொடையின் பின்தசையிலிருந்தோ, முழங்கால் சில்லின் கீழிருந்தோ ஒரு தசைநாணை எடுத்து, இரண்டு எலும்பிலும் துளையிட்டு, அறுந்த பிணைநார் இருந்த இடத்தில் நுழைத்து இறுக்கிவிடுகிறார்கள். தசைநாணைப் பிணைநார் வேலைக்கு மாற்றல் செய்து அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அறுவை நல்லபடியாக முடிந்ததும் மருத்துவர் முட்டியைச் சற்றே மடக்கிக் கணைக்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பார். நழுவவில்லை என்றால் மூட்டுக்கு நிலைப்பு வந்துவிட்டது என்று பொருள். நிலைப்பு மூட்டின் குணம்; மேசையில் படுத்திருப்பவனிடமும் அதைச் சோதிக்கலாம். சமநிலை ஆளின் குணம். அதை எழுந்து நின்றால்தான் காண முடியும். நிலைப்பைக் கொடுக்கும் வேலையை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். சமநிலை வர ஒரு வருடம் பிடிக்கிறது. நம் வீடுகளில் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறோம்.

நார் ஒரு கயிறு மட்டுமல்ல

பிணைநாரைக் கயிறு என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 1984இல் அமெரிக்க மருத்துவர்கள் மனிதரின் குறுக்குப் பிணைநாருக்குள் உணர்வு நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். நார் எவ்வளவு இழுபடுகிறது, எவ்வளவு வேகமாக இழுபடுகிறது என்ற செய்தியை இவை தண்டுவடத்துக்கும் மூளைக்கும் அனுப்புகின்றன. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் நம் கால் எப்படி மடங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதே, அந்த அறிவுக்கு இத்தகைய முனைகளே காரணம். தசை, தசைநாண், மூட்டுறை, பாதத்தோல் எல்லாவற்றிலும் இவை இருக்கின்றன. ஆங்கில உடலியல் அறிஞர் ஷெரிங்டன் 1906இல் இந்த உணர்வுக்கு ஒரு தனிப் பெயரே வைத்தார். தமிழில் தன்நிலை உணர்வு எனலாம்.

பிணைநார் அறும்போது இந்தச் செய்திக் கம்பியும் அறுகிறது. புதிதாக வைத்த தசைநாணில் முதலில் உயிருள்ள நரம்புத் தொடர்பே கிடையாது. பின்னால் கொஞ்சம் நரம்பிழை வளர்வதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. பழையபடி முழுதும் திரும்புகிறது என்று சொல்வதற்கில்லை. ஆகவே கயிறு புதிதாக வந்தாலும், அந்தக் கயிற்றிலிருந்து வர வேண்டிய தகவல் வருவதில்லை. அந்தக் குறையைத் தசைகளிலும் தோலிலும் உள்ள மற்ற முனைகளைக் கொண்டு ஈடுசெய்ய மூளை கற்றுக்கொள்ள வேண்டும். இந்தக் கற்றலைத்தான் பிசியோதெரபி நிலையத்தில் சொல்லித் தருகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சும்மா ஒற்றைக்காலில் நிற்பது போலத் தெரியும்.

இன்னொரு இடையூறும் உண்டு. முட்டிக்குள் நீர் கோத்தால் தொடையின் முன்தசை தானாகவே வேலையைக் குறைத்துக்கொள்கிறது. சோம்பலோ பயமோ இதற்குக் காரணம் அல்ல. 1984இல் வெளியான ஒரு சோதனையில் நல்ல முட்டிக்குள் 20, 30 மில்லி உப்புநீரைச் செலுத்தினார்கள். இரண்டு மேசைக்கரண்டி அளவு அந்த நீருக்கே தொடையின் உட்புறத் தசை மங்கிவிட்டது. அறுவைக்குப் பின் முதல் வாரங்களில் பையன் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, முட்டிக்குக் கீழே சுருட்டி வைத்த துண்டை அழுத்து அழுத்து என்று அழுத்தினான். தசை துடிக்கக் கூட இல்லை. ‘என் கால் என் பேச்சைக் கேட்கலை’ என்று அழுதுவிட்டான். இருபது வயதுப் பிள்ளை அழுவதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. ஐஸ் வைத்து வீக்கம் வடிய வடியத்தான் தசை விழித்துக்கொண்டது.

மூன்றாம் மாதத்தின் ஏமாற்று

மூன்றாம் மாதம் வந்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை, மாடிப்படி ஏறுகிறான். என் தம்பி மனைவி கேட்டாள்: “மாமா, நல்லாத்தானே நடக்குறான், இன்னும் எதுக்கு அங்க போய்க் காசைக் கொட்டணும்?” கேள்வியில் நியாயம் இருக்கிறது. பல மருத்துவக் காப்பீடுகள் மருத்துவமனையை விட்டு வந்த பின் 60 அல்லது 90 நாள் செலவைத்தான் ஏற்கின்றன. அதற்கு மேல் பயிற்சிக்குப் போனால் கைக்காசு. வலி நிற்பதும் காப்பீடு நிற்பதும் ஒரே சமயத்தில் நேர்வதால்தான் நம்மவர்கள் பலர் அந்த மாதத்தோடு பயிற்சியை விட்டுவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு.

ஆனால் உள்ளே நடப்பது வேறு. இடம் மாற்றி வைத்த தசைநாண் தன் பழைய இரத்த ஓட்டத்தை இழந்துதான் வருகிறது. அதன் செல்கள் மடிகின்றன. பிறகு புதிய இரத்தக் குழாய்களும் செல்களும் உள்ளே வளர்ந்து, இழைகளை மெல்ல மெல்லப் பிணைநாராக மாற்றி அமைக்கின்றன. இந்த மாற்றத்தின் நடுவில், ஏறத்தாழ ஆறாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை, புது நார் வைத்த நாளில் இருந்ததை விடவும் பலம் குறைந்து நிற்கிறது. முழுதாக மாறி முடிய ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். அதாவது பையன் ‘எனக்கு ஒண்ணும் இல்லை’ என்று சொல்லும் காலமும் நார் மிகவும் நொய்ந்திருக்கும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. எங்கள் பகுதியில் வேறொரு பையன் ஐந்தாம் மாதத்திலேயே கால்பந்து ஆடப் போய், திரும்பவும் அறுத்துக்கொண்டு இரண்டாம் முறை மேசையில் படுத்தான். இதைத் தம்பி மனைவியிடம் விளக்கிச் சொன்னேன். அவள் மறுநாள் தானே பையனை ஸ்கூட்டரில் அழைத்துப் போய் விட்டு வந்தாள்.

இரண்டு தராசு

சமநிலைப் பயிற்சி எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் படி இரண்டு காலிலும் சமமாக நிற்பது. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அங்கிருந்த பிசியோதெரபி அம்மணி மராட்டியர்; என்னைக் காகா என்றுதான் அழைப்பார். நான் தராசுக் கடைக்காரன் என்று தெரிந்ததும், “காகா, ஒரே மாதிரி இரண்டு தராசு கொண்டு வாருங்கள்” என்றார். ஆள் நின்று எடை பார்க்கும் மின்னணுத் தராசு இரண்டு கொண்டு போனேன். ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு தராசில் வைத்து நேரே பார்த்து நிற்கச் சொன்னார். ‘சமமா நிக்கிறேன்’ என்றான் பையன். இடது தராசு 29 கிலோ காட்டியது, வலது 39. பத்துக் கிலோ வித்தியாசம் அவனுக்குத் தெரியவே இல்லை! தன்நிலை உணர்வு மங்கியிருக்கிறது என்பதற்கு இதை விடக் கண்கூடான சாட்சி வேண்டியதில்லை. எண்ணைப் பார்த்துப் பார்த்துத் திருத்தி, பிறகு பார்க்காமல் நின்று, சில வாரத்தில் 33, 35க்கு வந்தான். அறுவை நடந்தவர் வீட்டில், அவருடைய மருத்துவர் சம்மதித்தால், இரண்டு தராசு வைத்து இதைச் செய்து பார்க்கலாம். தராசுகள் கெட்டியான தரையில் இருக்க வேண்டும்; பக்கத்தில் பிடித்துக்கொள்ள மேசை வேண்டும்.

அதே தராசில் இன்னொன்றையும் கவனித்தேன். அசையாமல் நின்றாலும் கடைசி எண் ஓடிக்கொண்டே இருந்தது. நிற்பது என்பது ஓய்வு அல்ல. உடம்பு மில்லிமீட்டர் கணக்கில் சாய்வதும், தசைகள் அதைப் பிடித்து நிமிர்த்துவதும் ஓயாமல் நடக்கிறது. எங்கள் சமணத்தில் கைகளைத் தொங்கவிட்டு நின்றபடியே செய்யும் தவத்தைக் காயோத்சர்க்கம் என்போம். சிரவணபெளகொளாவில் பாகுபலி நிற்பது அந்த நிலை. கல்லுக்குத்தான் அது எளிது. உயிருள்ள உடம்புக்கு அசையாமல் நிற்பது எத்தனை பெரிய வேலை என்பது தராசில் எண் ஓடியதைப் பார்த்த பிறகே எனக்கு விளங்கிற்று.

அடுத்தது ஒற்றைக்கால். முட்டியை இறுக்கிப் பூட்டாமல், கொஞ்சம் தளர்த்தி மடக்கி நிற்க வேண்டும். முட்டி உள்பக்கம் சாயக் கூடாது; பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்க வேண்டும். எதிரே ஆளுயரக் கண்ணாடி. முப்பது விநாடி நிற்க வந்ததும் கண்ணை மூடச் சொன்னார்கள். அவ்வளவுதான், பையன் மூன்று விநாடியில் காலை ஊன்றிவிட்டான்.

ஏன் என்றால், நம்மை நிமிர்த்தி வைக்கும் செய்திகள் மூன்று வழியில் வருகின்றன. கண் ஒன்று, உட்காது ஒன்று, பாதமும் மூட்டும் தசையும் தரும் தன்நிலை உணர்வு ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் பெர்லினில் இருந்த ரோம்பர்க் என்ற மருத்துவர், தண்டுவட நோய் உள்ளவர்கள் கண்ணைத் திறந்திருக்கும்போது நிற்பதையும், மூடினால் தள்ளாடுவதையும் எழுதி வைத்தார். முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடும்போது தடுமாறுகிறவர்கள் அவர்கள். பிணைநார் அறுந்தவர்களுக்கு அவ்வளவு கேடு இல்லை. ஆனால் அவர்களும் கண்ணையே அதிகம் நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். அறுவை செய்துகொண்டவர்கள் முட்டியை மடக்கி நீட்டும்போது எடுத்த மூளைப் படங்களில், காட்சியோடு தொடர்புடைய பகுதிகள் மற்றவர்களை விட அதிகம் வேலை செய்வது 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தெரிந்தது. நடைக்கு இது போதும். கபடியில் கண் எதிராளி மேல் இருக்க வேண்டும். முட்டியை யார் பார்ப்பது?

அதனால்தான் பயிற்சியில் கண்ணையும் கவனத்தையும் வேறு பக்கம் திருப்புகிறார்கள். பஞ்சு மெத்தை மேல் நிற்கச் சொல்லிப் பாதத்தின் செய்தியைக் கலைக்கிறார்கள். ஆடும் பலகை மேல் நிறுத்திப் பந்து எறிகிறார்கள். எதிர்பாராமல் பலகையைக் காலால் தட்டிவிடுகிறார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொல்கிறார்கள். நான் என் பங்குக்குப் பதிமூன்றாம் வாய்ப்பாட்டைத் தமிழில் சொல்லு என்றேன். மூன்றாம் வரியிலேயே பலகையிலிருந்து இறங்கிவிட்டான். அது முட்டியின் குற்றமா இந்திப் பள்ளிக்கூடத்தின் குற்றமா என்று எனக்கும் அந்த அம்மணிக்கும் இன்றுவரை தீரவில்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை சில. ஈரக் குளியலறையும் பளிங்குத் தரையும் முதல் எதிரிகள். ஒற்றைக்கால் பயிற்சியைச் சுவர் மூலையில் நின்று, எதிரே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு செய்வது பத்திரம். சம்மணம் போடுவது, குத்துக்காலிட்டு உட்கார்வது, இந்தியக் கழிப்பறை ஆகியவற்றுக்கு எப்போது அனுமதி என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். சவ்வையும் சேர்த்துத் தைத்திருந்தால் நாள் கூடும். பந்தியில் எல்லோரும் தரையில் உட்காரும்போது பையன் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

மறுமுத்திரை

தராசுத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. தராசைப் பழுது பார்த்தால், முன்பு இருந்த அரசு முத்திரை செல்லாது. எவ்வளவு கைதேர்ந்த மெக்கானிக் செய்திருந்தாலும், மறுபடி சோதித்து மறுமுத்திரை குத்திய பிறகே வியாபாரத்துக்கு வைக்கலாம். முழங்காலுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ‘ஆறு மாசம் ஆச்சு, ஆடலாம்’ என்று காலண்டரைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

சோதனைகள் எளியவைதான். ஒற்றைக்காலில் தாவி அதே காலில் இறங்கி நிற்க வேண்டும். எவ்வளவு தூரம் என்று இரண்டு காலுக்கும் அளந்து பார்ப்பார்கள். ஒற்றைக்காலில் நின்றபடி மற்றக் காலை முன்னாலும் பின்பக்க மூலைகளிலும் எட்டும் வரை நீட்டச் சொல்வார்கள். தொடைத் தசையின் பலத்தையும் அளப்பார்கள். பொதுவாக, அறுவைக் கால் மற்றக் காலின் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். முன்னால் நீட்டும் அளவில் இரு காலுக்கும் 4 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்த கூடைப்பந்து மாணவர்களுக்குக் கால் காயம் அதிகம் ஏற்பட்டதாக 2006இல் ஓர் ஆய்வு காட்டியது.

இந்த 90 சதவீதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு வருடம் ஓடாமல் ஆடாமல் இருந்ததில் நல்ல காலும் இளைத்திருக்கும். இளைத்த காலோடு ஒப்பிட்டு ‘சமம்’ என்றால் என்ன அர்த்தம்? தட்டு இரண்டும் நேராக நிற்கிறது என்பதால் நிறை சரி என்று ஆகாது, படிக்கல்லே தேய்ந்திருக்கலாம். நல்ல காலின் பழைய அளவு, அறுவைக்கு முன்பே எடுத்ததாக, கையில் இருப்பது நல்லது. அறுவைக்குப் போகும் முன் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனையில் தேறாமல் ஆடப் போனால் என்ன ஆகும்? அமெரிக்காவின் டெலவேரும் நார்வேயின் ஓஸ்லோவும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. குதித்துத் திரும்பும் விளையாட்டுகளுக்குத் திரும்பியவர்களில், சோதனைகளில் தேறாமல் போனவர்களில் 38 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்துக்குள் மறுபடி முழங்கால் காயம். தேறிப் போனவர்களில் 6 சதவீதத்துக்கும் குறைவு. தேறியவர்கள் பதினெட்டே பேர் என்பதால் இந்த எண்ணை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஐயமில்லை. ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடுவதற்கும் மறு காயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்பதும் அதே ஆய்வின் கணக்கு. இறங்கி நிற்கும் விதமும் ஒற்றைக்கால் நிலையின் தள்ளாட்டமுமே இரண்டாம் காயத்தை முன்கூட்டிக் காட்டின என்று 2010இல் வேறொரு ஆய்வு சொல்லியிருந்தது.

எங்கள் பையனுக்கு 2023 செப்டம்பரில், எட்டாம் மாதத்தில், கணபதி விழாவையொட்டிப் போட்டி வந்தது. நண்பர்கள் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள். சோதனை செய்து பார்த்தோம். தாவலில் வலது கால் 176 சென்டிமீட்டர், இடது 142. அதாவது 81 சதவீதம். முன் நீட்டலில் 6 சென்டிமீட்டர் குறைவு. பையன் முகம் சுண்டிப் போயிற்று. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. போட்டியன்று மட்டும் மைதானத்துக்குப் போய்ப் புள்ளிப் பலகை எழுதிவிட்டு வந்தான்.

டிசம்பரில் மறுபடி அளந்தபோது 178க்கு 165, முன் நீட்டலில் 2 சென்டிமீட்டர். உடம்பு தயார். ஆனால் இப்போது அவனுக்கே பயம். இடது காலை ஊன்றித் திரும்ப வேண்டிய இடத்தில் மூன்று அடி எடுத்து வைத்துச் சுற்றிப் போனான். இதுவும் புதிதல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கணக்கின்படி, அறுவை செய்துகொண்டவர்களில் 81 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்புகிறார்கள்; பழைய தரத்துக்குத் திரும்புகிறவர்கள் 65 சதவீதம், போட்டி விளையாட்டுக்கு 55 சதவீதம்தான். கால் சரியான பிறகும் மனம் வராமல் நின்றுவிடுகிறவர்கள் அதில் உண்டு. ஆகையால் அந்த அம்மணி உடனே ஆட்டத்துக்கு அனுப்பவில்லை. முதலில் தனியாகத் திரும்பல், பிறகு ஒருவர் துரத்தத் திரும்பல், பிறகு இருவர் பிடிக்க வரும்போது திரும்பல் என்று ஆறு வாரம் பழக்கினார். 2024 பிப்ரவரியில் களத்தில் இறங்கினான்.

இடையில் என் கால்களையும் சோதித்துக்கொண்டேன். அறுபதைத் தாண்டியவர்கள் ஒற்றைக்காலில் கண் திறந்து சராசரி 27 விநாடி அளவும், கண் மூடி 3 விநாடி அளவும் நிற்பதாக 2007இல் ஓர் அளவீடு வெளியானது. எனக்குத் திறந்து 19, மூடி 2. இப்போது காலையில் பூஜைக்கு முன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பழகுகிறேன். வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவுக்கு வழி விடுவது பெரும்பாலும் இந்தத் தடுமாற்றம்தான்.

இளைஞர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. ஒரு காலில் பிணைநார் அறுந்து அறுவை செய்துகொண்டவருக்கு மறு காலிலும் அறுவதற்கு வாய்ப்பு உண்டு. 2016இல் வெளியான ஒரு தொகுப்பில் அதே காலில் மீண்டும் அறுந்தவர்கள் 7 சதவீதம், மறு காலில் அறுந்தவர்கள் 8 சதவீதம். 25 வயதுக்குக் கீழே விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் இரண்டும் சேர்த்து 23 சதவீதம். பலமாக இருக்கிறது என்று நாம் நம்பும் காலுக்கும் பயிற்சி நிற்கக் கூடாது. எங்கள் பையன் இன்றும் செவ்வாய், சனி இரண்டு நாள், கடை மூடிய பிறகு, அந்தத் தராசுகள் வைத்திருக்கும் பின்னறையில் இருபது நிமிடம் செய்கிறான். வலது காலுக்கும் சேர்த்து.